துடுப்பில் காது வைத்த ஊரில் ஹெட்போன் வாங்குவது

தங்கச்சி,

மகாபொலப் புலமைப்பரிசில் காசைச் சேர்த்து ஹெட்போன் வாங்கப் போகிறேன், எதை வாங்கலாம் அக்கா என்று கேட்டிருந்தாய். உடனே ஒரு பெயரைச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஆசை எனக்குப் பிடித்துப் பதினைந்து வருடமாகிறது. இதற்குள் பதினொரு செட் வாங்கிவிட்டேன். இன்றைக்கும் காதில் ஏறுவது இரண்டுதான். மற்ற ஒன்பதில் ஐந்தாறு நல்ல சாமான்கள். பிழை எங்கே இருக்கிறது என்று தெரியாமல், ஒன்றை அலுமாரியில் வைத்துவிட்டு அடுத்ததை வாங்கினேன். நீ அதைச் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உன்னைப் போல முதல் ஹெட்போன் வாங்க நிற்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் இது உதவட்டும்.

நீ பிறந்த வருடம் 2003. சமாதான காலம் என்றபடியால் இரவில் வாவியில் இறங்க முடிந்தது. கல்லடியில் சித்தப்பா வீட்டில் நின்ற என்னை ஒரு பறுவ இரவில் அவர் தோணியில் ஏற்றிப் பாலத்தடிக்குக் கொண்டுபோனார். தோணியை அசையாமல் நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி, மற்ற நுனியை என் பக்கம் நீட்டினார். "காதை வைச்சுப் பார் புள்ள." வைத்தேன். ஒன்றும் இல்லை. "சும்மா தொடாத, ஒட்டி வை" என்றார். ஒட்டி வைத்த பிறகுதான் கேட்டது. பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு யாரோ தம்பூரா மீட்டுவது போல ஒரு ரீங்காரம். காதை ஒரு நூல் விலக்கினேன், போய்விட்டது. திரும்ப ஒட்டினேன், வந்தது.

வாவிக்குள் பாடுவது மீனா, ஊரியா என்று இன்றைக்கும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். 1848இல் மட்டக்களப்புக்கு வந்த எமர்சன் டெனன்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரி, தோணியின் மரத்தில் காதை வைத்ததும் சத்தம் பெருகியது என்று எழுதிவைத்திருக்கிறார். பிற்காலத்தில் யேசு சபை அருட்தந்தை லாங் அதை ஒலிப்பதிவு செய்தார், இலங்கை வானொலியிலும் போனது. எனக்கும் டெனன்டுக்கும் வேலை செய்தது மரம்தான். தண்ணீருக்குள் ஓடுகிற சத்தம் தானாகக் காற்றுக்குள் ஏறாது. நீர்மட்டத்தில் முட்டித் திரும்பிவிடும், ஆயிரத்தில் ஒரு பங்குதான் வெளியே வரும். தண்ணீரையும் காதையும் ஒரு மரத்துண்டால் தொடுத்துவிட்டால் அது வழி கண்டுகொள்கிறது.

இதை நான் ஹெட்போனுக்குப் பொருத்திப் பார்க்கப் பத்து வருடம் எடுத்தது. சத்தம் கெடுகிற இடம் பெரும்பாலும் தொடுப்புகள்தான்: காதும் ரப்பரும் சேருகிற இடம், பிளக்கும் துளையும் சேருகிற இடம், போனும் ஹெட்போனும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற இடம். புதியது வாங்கு முன் இந்த மூன்றையும் பார்.

முதலில் காதோடு ஒட்டட்டும்

"இதில பேஸே இல்லக்கா" என்று போன மாதம் சொன்னாய். பேஸ் உள்ளே இருந்திருக்கும். காதுக்கும் ரப்பருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கால் அது வெளியே போயிருக்கும். தாழ்ந்த சத்தத்துக்கு அடைபட்ட காற்று வேணும். ஒரு தலைமயிர் அளவு வழி கிடைத்தாலும் முதலில் ஓடிப்போவது மத்தளத்தின் 'தொம்'தான்.

சோதிப்பது சுலபம். பாட்டு ஓடும்போது இரண்டு உள்ளங்கைகளாலும் மெதுவாக அழுத்திப் பார். பேஸ் கூடினால் பொருத்தம் சரியில்லை. ஹெட்போனைக் குறை சொல்லாதே.

காதுக்குள் செருகுகிற வகை என்றால் பெட்டிக்குள் மூன்று அளவில் சிலிகொன் முனைகள் வரும். நிறையப் பேர் போட்டு வந்ததையே வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தொலைத்துவிடுவார்கள். மூன்றையும் போட்டுப் பார். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எனக்கு வலக்காதுக்கு நடு அளவு, இடக்காதுக்குச் சின்னது. இது தெரியாமல் நான்கு வருடம் இடப்பக்கம் பழுது என்று நினைத்து இரண்டு செட் மாற்றினேன். செருகும்போது மற்றக் கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடி, உள்வழி நேராகும். பிறகு வாயைத் திறந்து மூடிப் பார். கழன்று வந்தால் அந்த அளவு உனக்கில்லை.

காதை மூடுகிற பெரிய வகை என்றால் கண்ணாடிக் கால், ஜிமிக்கி, இறுக்கிப் பின்னிய கொண்டை எல்லாம் இடுக்கு உண்டாக்கும். தோட்டைக் கழற்றிவிட்டு, பின்னலைக் கீழே இறக்கிவிட்டுப் போட்டுப் பார். உன் அறைத்தோழி காத்தான்குடிப் பிள்ளைக்கும் சொல்லு: ஸ்கார்ஃபுக்கு மேலே பெரிய ஹெட்போன் போட்டால் துணியால் பேஸ் கசியும், மேற்சத்தமும் மங்கும். அவளுக்குச் செருகுகிற வகைதான் நல்லது.

ஓம் கணக்கு

வேலைக்குப் போன மூன்றாம் வருடம் பாவித்த ஸ்டூடியோ ஹெட்போன் ஒன்று மலிவாகக் கிடைத்தது. பெட்டியில் 300 ஓம் என்று இருந்தது. ஓம் கூடினால் தரம் கூட என்று நானே நினைத்துக்கொண்டேன். போனில் செருகினால் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. பழுது என்று முடிவு கட்டி அரை விலைக்குக் கொடுத்துவிட்டேன். வாங்கியவர் அதை ஆம்ப்ளிஃபயரில் போட்டுக் காட்டிய அன்று நான் பேசாமல் வீட்டுக்கு வந்தேன்.

கணக்கு இதுதான். போனோ, துளை இல்லாத போனில் செருகுகிற டொங்கிளோ தருவது ஏறத்தாழ 1 வோல்ட். 32 ஓம் ஹெட்போனில் அந்த 1 வோல்ட் சுமார் 31 மில்லிவாட் ஆகும். 300 ஓமில் 3.3 மில்லிவாட்தான். அதாவது பத்தில் ஒரு பங்கு. ஒரு காலத்தில் ஹெட்போன் வீட்டு ஹைஃபைக்கும் ஸ்டூடியோவுக்கும் உரிய சாமான். 1968இல் சென்ஹைசர் கொண்டுவந்த எச்.டி. 414 மொடல் 2000 ஓம், அந்தக் கால மேசைக் கருவிகளுக்கு அது பொருந்தியது. 1979 ஜூலையில் சோனி வாக்மேன் வந்த பிறகுதான் சின்ன பட்டரியில் பாடுகிற இலேசான ஹெட்போன் ஊருக்கூர் போனது. உன் போன் அந்த வாக்மேன் வழியில் வந்தது. அதற்கு 16 முதல் 32 ஓம் வரை உள்ளதை எடு. பெட்டியில் டெசிபலில் ஒரு எண்ணும் போட்டிருப்பார்கள், அது 100க்கு மேலே இருந்தால் நல்லது. ஆம்ப்ளிஃபயர் வாங்கச் சொல்லி யார் சொன்னாலும் உனக்கு இப்போது வேண்டாம். போனில் துளை இல்லாவிட்டால் நம்பிக்கையான கடையில் ஒரு நல்ல டொங்கிள் போதும்.

உப்புக் காற்று

இதைத்தான் நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஹெட்போன் பற்றி உலகத்தில் எழுதுகிறவர்கள் எவரும் பெரியகல்லாற்றில் இருந்து எழுதுவதில்லை. நமக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. நடுவில் ஏ4 வீதியும் வீடுகளும். வேலியில் சைக்கிளைச் சாத்தி வைத்தாலே துருப்பிடிக்கிற ஊரில் மெல்லிய செம்புக் கம்பி என்ன பாடுபடும்?

அப்பாவின் றேடியோ உனக்கு ஞாபகம் இருக்காது. வெளியில் சத்தம் போகக் கூடாத இரவுகளில் ஒற்றைக் காது இயர்போனைச் செருகி பிபிசி தமிழோசை கேட்பார். நாங்கள் அவர் முகத்தைப் பார்த்துச் செய்தியை ஊகிப்போம். வாரத்துக்கு ஒருமுறை ஸ்பிரிட் போத்தலை எடுத்து, பழைய வெள்ளைத் துணி நுனியை நனைத்து, அந்த இயர்போன் பிளக்கைத் துடைப்பார். துணியில் பச்சையாக ஒட்டும். "உப்புடி இது, துடைக்காட்டி ஒரு பக்கம் கரகரக்கும்" என்பார். பதினொரு செட் வாங்கியும் அதைவிட நல்ல பராமரிப்பு வழி எனக்குக் கிடைக்கவில்லை. மாதம் ஒருமுறை பிளக்கைத் துடை. துளைக்குள் பிளக்கைச் செருகி நாலைந்து தடவை திருப்பி எடு, படிந்தது உரசிப்போகும். ஸ்பிரிட் காயும் வரை போனில் செருகாதே.

கழற்றி மாட்டக்கூடிய வயர் உள்ளதாகப் பார்த்து வாங்கு. நம் காற்றில் முதலில் சாவது வயர்தான், அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வைப்பதற்கு இறுக்க மூடுகிற பிஸ்கட் டின் ஒன்று எடு. சப்பாத்துப் பெட்டிக்குள்ளும் மருந்துப் போத்தலுக்குள்ளும் வருகிற சிலிக்கா ஜெல் பைகளை எறியாமல் அதற்குள் போட்டு வை. மாரி மழை தொடங்கினால் மாதம் ஒருமுறை மாற்ற வேண்டிவரும். சிலிக்கா கிடைக்காவிட்டால் வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் கட்டிப் போடு, அம்மம்மா உப்புச் சாடிக்குச் செய்கிற வேலைதான்.

பெரிய ஹெட்போனின் காதுமெத்தை செயற்கைத் தோலாக இருந்தால் கச்சான் வெக்கையிலும் வேர்வையிலும் ஒன்றிரண்டு வருடத்தில் உரியத் தொடங்கும். கழுத்தில் கறுப்புத் துகள் ஒட்டும். மெத்தை தனியாக விற்கிற மொடலா என்று வாங்கு முன்னே கேள். வெல்வெட் மெத்தை குளிர்ச்சியாக இருக்கும், நாள்படும். ஆனால் பேஸ் கொஞ்சம் குறையும்.

ஒரு பக்கம் சத்தம் குறைந்துவிட்டால் உடனே செத்துப்போச்சு என்று எறியாதே. காதழுக்கு வலையை அடைத்திருக்கும். சிலிகொன் முனையைக் கழற்றி, வலை நிலத்தைப் பார்க்கும்படி தலைகீழாகப் பிடித்து, காய்ந்த மென்மையான பல்துலக்கியால் தட்டித் தட்டித் துடை. நிமிர்த்திப் பிடித்தால் அழுக்கு உள்ளே இறங்கும். அந்த வலையில் ஸ்பிரிட் படக் கூடாது, உள்ளே இருக்கிற மெல்லிய தோலுக்கு ஆகாது.

இன்னொன்று, கிணற்றடியில் தலை முழுகிவிட்டு ஈரக் காதோடு செருகாதே. நம் ஊர் வெக்கைக்கு அடைபட்ட ஈரக் காது பூஞ்சணம் பிடிக்கிற இடம். எனக்கு ஒருமுறை பிடித்து மூன்று கிழமை காதில் ஒன்றும் போட முடியாமல் இருந்தேன். துவாய் நுனியால் ஒற்றி, கால் மணித்தியாலம் பொறு. உன் இயர்போனை யாருக்கும் கடன் கொடுக்கவும் வேண்டாம்.

கடையில் நிற்கும்போது

பெட்டியில் பெரிதாக அச்சடித்த எண்களுக்கு மயங்காதே. '20 முதல் 20,000 ஹேட்ஸ்' என்று ஒன்றில் இருக்கும், பக்கத்தில் இருப்பதில் '5 முதல் 40,000'. இரண்டாவது இரட்டிப்பு நல்லது போலத் தெரியும். நம் பக்கத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1947இல் வெளியிட்ட யாழ் நூலை நினைத்துப் பார். சிலப்பதிகாரத்தில் இருந்த இசைக் குறிப்புகளை எடுத்து, நரம்பு நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள கணக்கைப் போட்டு, மறைந்துபோன யாழை மீட்டுக் காட்டிய மனிதர் அவர். நரம்பைச் சரி பாதியில் பிடித்தால் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். அதிர்வு இரண்டு மடங்காகும். அந்தக் கணக்கில் 20இலிருந்து 20,000 வரைக்கும் ஏறத்தாழ பத்து ஸ்தாயி. மனிதக் காதுக்கு அவ்வளவுதான், வயது ஏற ஏற மேலே குறைந்துகொண்டும் போகும். 40,000 என்பது அதற்கு மேல் ஒரே ஒரு ஸ்தாயி, அதை வௌவால் கேட்கும்.

கடையில் இரண்டை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டும்போது கவனி. கொஞ்சம் கூடச் சத்தமாகப் பாடுவது எப்போதும் நல்லதாகத் தோன்றும். காதின் இயல்பு அது. நானே அப்படி இரண்டு வாங்கினேன். ஒவ்வொன்றிலும் பாடுகிற குரல் உனக்கு ஒரே அளவில் கேட்கும்வரை சத்தத்தைச் சரிசெய்துவிட்டு ஒப்பிடு. கொழும்பில் ஒரு கடையில் பெரிய பெயர் பொறித்த போலியை அசல் என்று தந்ததும் எனக்கு நடந்தது. பெட்டியின் தொடர் எண்ணைக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் சரிபார்க்காமல் காசை நீட்டாதே.

என்ன பாட்டைப் போட்டுப் பார்ப்பது? கடைக்காரர் போடுகிற பாட்டை வேண்டாம் என்று சொல்லு, அது அந்தச் சாமானுக்குப் பொருந்துகிறதாகத்தான் இருக்கும். உனக்கு நேரில் தெரிந்த சத்தத்தைக் கொண்டு போ. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கில் உடுக்குச் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்று வளர்ந்தவள் நீ. கூத்துக் களரியில் அண்ணாவியாரின் மத்தளமும் ஆடுகிறவர்களின் சதங்கையும் எப்படி இருக்கும் என்று உன் காதுக்குத் தெரியும். நான் பூசை செய்கிற கட்டாடியாரிடம் கேட்டு, கோயிலுக்கு வெளியே நின்று போனில் பதிவுசெய்த உடுக்கு ஒன்றரை நிமிடம் இருக்கிறது, அனுப்புகிறேன். நல்ல ஹெட்போனில் தோலில் விரல் பட்ட அந்த 'டக்' தனியாகத் தெரியும், பிறகு கயிற்றை அமுக்கும்போது சுருதி வளைவது தெரியும். மட்டமானதில் இரண்டும் ஒன்றாகக் குழையும். சதங்கை தகரம் போலக் கூசினால் மேற்சத்தத்தைத் தேவைக்கு மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அம்மா பேசியதையும் ஒரு நிமிடம் பதிந்து வைத்துக்கொள். அம்மா குரல் மூக்கடைத்தது போலக் கேட்கிற ஹெட்போனை, விலை எதுவாக இருந்தாலும், எடுக்காதே.

பழைய பாட்டுப் பிரியம் உனக்கும் உண்டென்பதால் இதையும் சொல்கிறேன். இலங்கை வானொலியில் மயில்வாகனமும் கே.எஸ். ராஜாவும் போட்ட அந்தக் காலப் பாட்டுகள் பெரும்பாலும் மோனோ. இரண்டு காதிலும் ஒன்றே வரும், நல்ல ஹெட்போனில் நாடாவின் இரைச்சலும் கூட வரும். அது ஹெட்போனின் குற்றம் இல்லை. தமிழில் ஸ்டீரியோவில் முதலில் வந்த படப்பாடல்கள் 1978இன் 'ப்ரியா' என்று சொல்வார்கள். அங்கிருந்து இந்தப் பக்கம் வந்தால்தான் வயலின் ஒரு பக்கம், புல்லாங்குழல் மற்றப் பக்கம் என்று பிரிந்து கேட்கும். நீ சின்னவளாக இருந்தபோது ஒரே இயர்போனில் நீ வலதும் நான் இடதும் போட்டுக்கொண்டு திண்ணையில் இருந்தோமே, உனக்குப் பாதிப் பாட்டுத்தான் போயிருக்கிறது. அதே பாட்டுகளை இப்போது இரண்டு காதிலும் போட்டுக் கேள்.

பஸ்ஸில்

கல்முனையிலிருந்து வருகிற பஸ்ஸில் ஏறி மட்டக்களப்பில் இறங்கி, மாறி வந்தாறுமூலைக் கம்பஸுக்குப் போகிறாய். என்ஜின் இரைச்சலும் டிரைவர் போடுகிற பாட்டும் சேர்ந்தால் உன் கை தானாகச் சத்தத்தைக் கூட்டும். இதற்குத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும்: 83இல் 20 மணித்தியாலம், 86இல் 10, 89இல் 5, 92இல் இரண்டரைதான். பஸ் இரைச்சலை மீறி மேலே மேலே கூட்டினால் அந்த வாரக் கணக்கு இரண்டு மூன்று பயணத்திலேயே முடிந்துவிடும்.

வழி, வெளிச்சத்தத்தை உள்ளே விடாமல் அடைப்பது. சரியான அளவுச் சிலிகொன் முனை நன்றாக அடைத்தாலே இரைச்சலில் பெரும்பங்கு வெளியே நிற்கும், பிறகு சத்தத்தைப் பாதிக்கு மேல் கூட்ட வேண்டி வராது. இரைச்சலை அழிக்கிற மின்கருவி உள்ள புளூடூத் வகை என்ஜினின் தாழ்ந்த உறுமலுக்கு நன்றாக வேலை செய்யும், பக்கத்து சீட்டில் பேசுகிற பேச்சுக்கு அவ்வளவு இல்லை. அதன் பட்டரியும் சில வருடத்தில் சோரும், அந்தச் சின்ன மொட்டுகளில் மாற்றவும் ஏலாது. உன் காசுக்கு வயர் வகைதான் என் தேர்வு. பஸ்ஸை விட்டு இறங்கினதும் இரண்டையும் கழற்றிவிடு. நம் ஊர் நீளத்துக்கும் ஏ4 வீதிதான் ஓடுகிறது, லொறிச் சத்தம் கேட்காமல் கடக்கக் கூடாது.

இரவு படுக்கும்போது காதுக்குள் 'கீ' என்று கேட்டால் அடுத்த இரண்டு நாளும் ஒன்றும் போடாதே. நிற்காவிட்டால் வைத்தியரிடம் காட்டு, எனக்கும் சொல்லு.

ஆக, வயர் கழற்றி மாட்டக்கூடிய, 32 ஓமுக்கு மேற்படாத, காதுக்குள் செருகுகிற சோடி ஒன்று, கூட ஒரு டொங்கிள், மேலதிகமாக ஒரு செட் சிலிகொன் முனை. இவ்வளவும் வாங்கி உன் கையில் காசு மிஞ்சும். அதை அடுத்த மொடலுக்கு என்று ஒதுக்காதே, ஒரு வருடம் இதையே கேள்.

போயாவுக்கு வீட்டுக்கு வரும்போது பழைய இயர்போனையும் கொண்டு வா. ஒரு பக்கம் செத்துப்போச்சு என்றாயே, வலையையும் பிளக்கையும் ஒருதரம் பார்க்கிறேன். அப்பாவின் ஸ்பிரிட் போத்தல் இன்னும் அலுமாரியில் இருக்கிறது.